சேற்றில் செகண்ட் கியர்

திருச்சியிலிருந்து சென்னை நோக்கிப் போகிறவர்களுக்குப் பாடாலூர் சில நிமிடங்களில் பின்னால் போய்விடும் ஊர். பூமலை சஞ்சீவிராயர் குன்றைப் பார்த்து ஒரு கும்பிடு, சாலையோரம் ஒரு டீ, அவ்வளவுதான். நான்குவழிச் சாலையில் ஓடும்வரை வண்டி எந்த கியரில் இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் வராது. மேற்கே செட்டிகுளம் பக்கமோ கிழக்கே ஊட்டத்தூர், காரை பக்கமோ திரும்பி, அங்கிருந்து ஒரு காட்டு வழியில் இறங்கினால்தான் கியரின் அருமை தெரியும்.

சின்ன வெங்காயத்தில் தமிழ்நாட்டின் முன்வரிசை மாவட்டம் பெரம்பலூர். புரட்டாசி, ஐப்பசியில் நட்ட வெங்காயம் இரண்டு, இரண்டரை மாதத்தில் பிடுங்கத் தயாராகிவிடும். அந்த நேரத்தில் கரிசல் முழுதாகக் காய்ந்திருக்காது. மேலே வெயில் அடித்து வெள்ளையாகத் தெரியும் வண்டித்தடத்தில் சக்கரம் ஏறியதும் உள்ளே இருக்கும் ஈரம் பிதுங்கும். கரிசலின் குணம் அது. அதிலுள்ள களி தண்ணீரைக் குடித்து உப்பும், கோடையில் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்தில் டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டால் புது டயரும் மொட்டை டயராகிவிடும். பாடாலூருக்குப் பக்கத்திலேயே நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப் டயர் ஆலை இருக்கிறது. ஆனால் கரிசல் சேற்றுக்கு முன்னால் எந்தக் கம்பெனி டயரும் ஓட்டுகிறவரின் கையையும் காலையும் நம்பித்தான் இருக்கிறது.

காரை, குளக்காநத்தம் பக்கம் மழையில் அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கும் களிமேடுகள் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடித்தரை. அம்மோனைட் போன்ற கடல் உயிர்களின் புதைபடிவங்கள் அங்கே கிடைக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்கு ஊட்டத்தூரின் பெயரையே சூட்டினார். நிலவியல் மாணவர்கள் படிக்கும் அந்தப் பெயருக்குரிய ஊரில், மழைக்காலத்தில் லோடு வண்டி ஓட்டுவது ஒரு தனிக் கலை.

காட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்படும் பிக்கப்புக்கு ஒரே மணி நேரத்தில் இரண்டு வேலை. முதல் அரை கிலோமீட்டரை ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து கடக்க வேண்டும். அடுத்து நான்குவழிச் சாலையில் எழுபது, எண்பதில் திருச்சி மண்டிக்கு ஓட வேண்டும். இரண்டையும் செய்வது ஒரே டீசல் எஞ்சின். அது நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றில் முனகிக்கொண்டு நிற்கும். 1,500 முதல் 2,500 சுற்றுக்குள் நன்றாக இழுக்கும். 4,000-த்தைத் தாண்டினால் சத்தம்தான் மிச்சம். எஞ்சினின் இந்தச் சின்ன எல்லையைச் சக்கரத்தின் பெரிய தேவையோடு பொருத்திவைப்பது கியர் பாக்ஸ்.

இந்தப் பக்கம் ஓடும் மஹிந்திரா பொலிரோ பிக்கப், டாடா யோதா, 2011-இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகிய மூன்றிலும் ஐந்து முன் கியர், ஒரு ரிவர்ஸ், இடது காலுக்கு ஒரு கிளட்ச். முன்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவரின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் கியர் ராடு. செகண்டும் ஃபோர்த்தும் விழும்போதெல்லாம் அவர் காலை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகள் இந்த நடுச்சீட்டில் உட்கார்ந்துதான் கியர் போடுவதைப் பார்த்துப் பழகினார்கள்.

டிராக்டர் அதற்கும் முந்தைய பள்ளிக்கூடம். எட்டு முன் கியர், இரண்டு ரிவர்ஸ் என்பது நம் ஊர் டிராக்டர்களில் பரவலான அமைப்பு. மெயின் கியருக்கு நான்கு நிலை, பக்கத்தில் லோ, ஹை என்று இன்னொரு சின்ன ராடு. உழவுக்கு லோ, ரோட்டுக்கு ஹை. காட்டு வழிக்கென்றே செய்த நான்கு சக்கர இழுவைப் பிக்கப்பில் 4எச், 4எல் என்று எழுதியிருப்பதைக் கண்டு நகரத்துக்காரர் திகைத்து நிற்பார். உழவு ஓட்டிய பையனுக்கு அதைச் சொல்லித் தரவே வேண்டாம். அது டிராக்டரில் அவன் தினமும் தள்ளிய ராடுதான்.

அந்த லோ என்ன செய்கிறது என்பதைக் காட்டப் பழைய உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பில் மொத்தமே மூன்று முன் கியர்கள். ஃபர்ஸ்ட் கியரின் விகிதம் சுமார் 2.67, லோ ரேஞ்சின் விகிதம் 1.97, அச்சில் இருக்கும் பல்சக்கரத்தின் விகிதம் 4.88. மூன்றையும் பெருக்கினால் 25-க்குச் சற்று மேல் வரும். எஞ்சின் இருபத்தைந்து சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எஞ்சின் 800 சுற்றில் நின்றபடி இருக்க, வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டர் சுமாரில், ஆள் நடக்கிற வேகத்தில் நகரும். ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே தேவையில்லை. வேகம் குறைந்த அளவுக்கு இழுவை கூடியிருக்கும். பள்ளமோ கல்லோ, வண்டி தானாக ஏறி இறங்கும். அந்த ஜீப்பின் வழிவந்த வண்டிகளைத்தான் 1940-களின் கடைசியிலிருந்து மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் பூட்டி விற்றது. இன்றைய காட்டு வழி வண்டிகளில் பலவும் அதே கணக்கின் வழிவந்தவை.

ஆனால் பாடாலூர் சுற்றுவட்டாரத்தில் ஓடும் லோடு பிக்கப்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த லோ ரேஞ்ச் கிடையாது. பின் சக்கரங்கள் மட்டும் இழுப்பவை அவை. 4x4 வகைகளை நிறுவனங்கள் செய்யாமல் இல்லை. பொலிரோ கேம்பரிலும் யோதாவிலும் உண்டு. விலையும் டீசல் செலவும் கூடுதல் என்பதால் வெங்காய வியாபாரத்தில் அவற்றை வாங்குகிறவர் குறைவு. ஆகவே சாதாரணப் பின்சக்கர வண்டியும், ஓட்டுகிறவரின் கியர் அறிவும் சேர்ந்துதான் சேற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது.

புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, சேற்றைக் கண்டதும் ஃபர்ஸ்ட் போடுவது. ஃபர்ஸ்டில்தான் சக்கரத்துக்கு அதிக முறுக்கு போகிறது. மண் பிடி தராத இடத்தில் அதிக முறுக்கு கொடுத்தால் சக்கரம் அங்கேயே சுழன்று குழி தோண்டும். அதனால்தான் பழகிய டிரைவர்கள், "செகண்ட்ல விடு தம்பி, நடுவுல கியர மாத்தாத, ஆக்சிலேட்டர அப்படியே புடி" என்று சொல்லிக் கொடுப்பார்கள். சேற்றுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைத் தீர்மானித்துவிட வேண்டும். கிளட்சை மிதித்த அந்த ஒரு விநாடியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். வண்டியின் ஓட்டம் தணிந்து அங்கேயே உட்கார்ந்துவிடும்.

சுமை இல்லாத பிக்கப்தான் சுமையுள்ளதைவிடச் சீக்கிரம் வழுக்கும் என்பது கேட்கிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். எஞ்சினின் எடை முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால். தொட்டி காலியாக இருந்தால் பின் சக்கரத்தை மண்ணோடு அழுத்த எடை இல்லை. காட்டுக்குப் போகும்போதே சிலர் பின் அச்சுக்கு மேலே நாலைந்து மண் மூட்டை போட்டுக்கொள்வது இதனால்தான். ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கினால், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் அமைப்புப்படி சுழற்சி முழுவதும் அந்தப் பக்கமே ஓடும். பிடி உள்ள சக்கரம் சும்மா நிற்கும். அப்போது ஆக்சிலரேட்டரை அழுத்துவதால் பலனில்லை. இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் கல்லோ மக்காச்சோளத் தட்டையோ திணிக்க வேண்டும். பிறகு ஃபர்ஸ்டுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றி மாற்றி வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி வெளியே எடுப்பார்கள். மேனுவல் கியரில் இந்த ஆட்டத்தின் தாளம் முழுக்க ஓட்டுநரின் இடது காலில் இருக்கிறது. இரண்டு மூன்று முயற்சியில் வராவிட்டால் நிறுத்திவிட்டு டிராக்டரைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம். அதற்கு மேல் முயன்றால் விலை கொடுப்பது கிளட்ச்.

கிளட்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேனுவல் வண்டியோடு வாழ்வது பெரும்பாலும் கிளட்சோடு வாழ்வதுதான்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், பிரஷர் பிளேட் மறுபக்கம். நடுவில் கியர் பாக்ஸின் தண்டில் கோத்த கிளட்ச் பிளேட். மிதியிலிருந்து காலை எடுத்தால் ஸ்பிரிங் விசை மூன்றையும் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கும். மிதித்தால் ரிலீஸ் பேரிங் அழுத்தி விலக்கும். முழுதாக இறுகியிருந்தாலும் முழுதாக விலகியிருந்தாலும் தேய்மானம் இல்லை. இரண்டுக்கும் நடுவிலான ஹாஃப் கிளட்சில்தான் எல்லாச் சேதமும். உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடேறுவது போல, எஞ்சினின் சக்தி அங்கே வெப்பமாக மாறுகிறது. ஏற்றத்தில் ஒரு டன் சுமையோடு நின்று, பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பது சில நிமிடங்களில் பிளேட்டைக் கருக்கிவிடும். அந்த நெடியை ஒரு தடவை முகர்ந்தவர் பிறகு மறக்க மாட்டார்.

சரியான முறை ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிற்பது. கிளம்பும்போது ஃபர்ஸ்ட் போட்டு, எஞ்சின் சத்தம் இறங்கி வண்டியின் முன்பக்கம் லேசாக எழும் இடம்வரை கிளட்சை விட்டு, அந்தப் பிடியில் ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும். சொல்வது சுலபம். வெங்காய மூட்டைகளோடு ஏரிக்கரை ஏற்றத்தில், பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நிற்கும்போது செய்வது பழக்கத்தால் மட்டுமே வரும்.

ஓடும்போது இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்துக்கொள்வது இன்னொரு பழக்கம். கால் கனம் போதும். ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசிக்கொண்டே வரும். எஞ்சின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். பிடி மேலே மேலே போய், காலை முழுக்க எடுத்த பிறகே வண்டி நகர்கிறது என்றாலும் அதே கதைதான். அதன் பிறகு மண்டிக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது ஃப்ளைவீலின் முகத்தையும் கெடுத்து, லேத் பட்டறை வரைக்கும் இழுத்துவிடும். பிளேட் மாற்றக் கியர் பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி அந்த வேலைக்குத்தான். எனவே நல்ல மெக்கானிக் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றச் சொன்னால் அது ஏமாற்று அல்ல. அவர் சொல்வதைக் கேட்பதே லாபம்.

பழுது நீக்குவதில்தான் மேனுவலின் பெரிய பலம் இருக்கிறது. கிளட்ச் செட்டுக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. பிரித்துப் பூட்டக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு ஜாக்கி, ஸ்பேனர் செட், அனுபவமுள்ள இரண்டு பேர் போதும். பேட்டரி இறங்கிப்போனாலும் வண்டி காட்டில் கிடக்காது. சாவியைத் திருப்பி, செகண்ட் போட்டு, நாலு பேர் தள்ள, கிளட்சை வெடுக்கென்று விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அறுவடைக் கூலி ஆட்கள் தொட்டியில் நின்றுகொண்டிருக்கும் பொழுதில் இந்த வசதியின் மதிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மலை இறக்கத்தில் மேனுவலின் மதிப்பு உயிரோடு சம்பந்தப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் பச்சைமலை. அதற்கும் அப்பால் நாமக்கல் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை. மரவள்ளியோ பலாவோ மிளகோ ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டி பிரேக்கை மட்டும் நம்பினால், பத்துப் பதினைந்து வளைவுக்குள் பிரேக் சூடாகிப் பிடி குறையும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரி டிரைவர்களின் பாடம். செகண்டிலோ தேர்டிலோ விட்டால் சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். அந்த இழுபறியே வண்டியை அடக்கிவைக்கும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டிவரும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது ஆபத்து என்பது ஒருபுறம், கணக்கும் தப்பு. மின்னணு முறையில் டீசல் செலுத்தும் இப்போதைய எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும்.

தரைப்பாலங்களுக்கும் ஒரு விதி உண்டு. மருதையாறோ பெயர் தெரியாத ஓடையோ, தண்ணீரின் ஆழமும் இழுப்பும் தெரியாவிட்டால் இறங்கவே கூடாது. முழங்காலுக்குக் கீழே, ஓட்டமில்லாத தண்ணீர் என்றால் ஃபர்ஸ்டிலோ செகண்டிலோ சீராகப் போய்க் கரையேறும்வரை கிளட்சைத் தொடக் கூடாது. மிதித்தால் விலகும் இடைவெளியில் தண்ணீரும் சேறும் புகுந்து பிடி வழுக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஆட்டோமேட்டிக்கின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கல்லும் பள்ளமுமான இடத்தில் எஞ்சின் அணைந்துபோகும் பயம் ஆட்டோமேட்டிக்கில் இல்லை. டார்க் கன்வெர்ட்டர் என்ற எண்ணெய்ச் சுழல் அமைப்பு, வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது முறுக்கைப் பெருக்கியும் தருகிறது. 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் ஒரே 2.8 லிட்டர் எஞ்சின்தான். மேனுவலோடு வரும்போது அதன் முறுக்கு 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கோடு 500. கூடுதல் பலத்தை நிறுவனம் ஆட்டோமேட்டிக்குக்குத்தான் கொடுத்திருக்கிறது. 2016 முதல் ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸும் முதலில் ஐந்து கியர் மேனுவலாக வந்து, பின்னாளில் ஆட்டோமேட்டிக்கையும் ஆறு கியர் மேனுவலையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவில் நிலைமை இன்னும் இறுக்கம். அங்கே ஜீப் கிளாடியேட்டர் 2025 மாடலில் மேனுவலை நிறுத்திவிட்டது. டொயோட்டா டகோமா மட்டும் ஆறு கியர் மேனுவலை விடாமல் வைத்திருக்கிறது. அதில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கிளட்சை மிதிக்காமலேயே, கியரில் இருந்தபடி ஸ்டார்ட் செய்யலாம். செங்குத்தான ஏற்றத்தில் அணைந்துபோன வண்டி பின்னால் உருளாமல் இருக்க அந்த ஏற்பாடு.

நகர நெரிசலும் ஆட்டோமேட்டிக்குக்குச் சாதகமான சாட்சிதான். விடியற்காலையில் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து நுழையும் டிரைவரின் இடது முழங்காலைக் கேட்டால் தெரியும். ஆண்டுக்கணக்கில் அந்த வேலையைச் செய்கிறவர்களின் மூட்டுவலியை யாரும் லேசாக எண்ணக் கூடாது.

இருந்தும், கரிசல் காட்டிலிருந்து சரக்கு ஏற்றும் வண்டிக்கு இன்றைய நிலையில் மேனுவலே சரி. வாங்கும் விலை, பழுது பார்க்கும் விலை, பக்கத்து ஊரிலேயே கிடைக்கும் மெக்கானிக், எந்த கியரில் எவ்வளவு நேரம் நிற்பது என்று ஓட்டுகிறவரே தீர்மானிக்கும் உரிமை எல்லாம் அதன் பக்கம் நிற்கின்றன. குறை வண்டியில் இல்லை, சொல்லிக்கொடுப்பதில் இருக்கிறது.

மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம், அதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்தது. வாழ்க்கைப்பாட்டுக்கு லோடு வண்டி ஓட்டும் பல லட்சம் பேருக்கு அது பெரிய நிம்மதி. அதோடு ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. ஓட்டுநர் பள்ளியின் சின்னக் காரில் தார்ச்சாலையில் பழகி உரிமம் வாங்கிய இருபது வயதுப் பையன், மறுநாளே ஒரு டன்னுக்கு மேல் சுமை ஏற்றிய பிக்கப்பில் உட்காரலாம். ஏற்றத்தில் கிளப்புவது, இறக்கத்தில் கியரை இறக்குவது, சேற்றில் கிளட்சைத் தொடாமல் போவது ஆகிய எதையும் அந்தச் சின்னக் கார் அவனுக்குக் கற்றுத்தந்திருக்காது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஓட்டுநர் பள்ளிகள் சுமை ஏற்றிய பிக்கப் ஒன்றை வைத்து ஒரு நாளாவது ஏரிக்கரையிலும் வண்டித்தடத்திலும் பயிற்சி கொடுத்தால் அந்தப் பையனுக்கும் நல்லது, சாலையில் எதிரே வருகிறவருக்கும் நல்லது. வண்டி முதலாளிகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். புதிய டிரைவரிடம் சாவியைக் கொடுக்கும் முன், அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுச் சுமையோடு காட்டுக்கு ஒரு நடை அனுப்பிப் பாருங்கள். அந்த நடைக்கு ஆகும் டீசல், ஒரு கிளட்ச் செட்டின் விலையில் சிறு பங்குகூட வராது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.